மூன்று வசனத் தொலைவு

1622 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. லண்டன் தூய பவுல் பேராலயத்தின் முற்றத்தில் பால்ஸ் கிராஸ் என்ற திறந்தவெளிப் பிரசங்க பீடம் இருந்தது. அன்று அதில் ஏறி நின்றவர் பேராலயத்தின் டீனாகிய ஜான் டன். நாம் அவரைக் கவிஞராகவே அறிவோம். அன்றைக்குக் கூடியிருந்தவர்களுக்கு அவர் பிரசங்கி. கவிதைகள் தொகுப்பாக அச்சேறியதே அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து, 1633இல்.

அரசர் முதலாம் ஜேம்ஸ் அவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்திருந்தார். முந்தைய மாதம்தான் பிரசங்கிகளுக்கான நெறிமுறைகளை அரசர் வெளியிட்டிருந்தார். பேராயர், டீன் பதவிகளுக்குக் கீழே உள்ளவர்கள் முன்குறித்தல் போன்ற இறையியல் சிக்கல்களைப் பொதுமக்கள் முன் பேசக் கூடாது. பிற்பகல் பிரசங்கம் ஞானோபதேசம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, கர்த்தருடைய ஜெபம் ஆகியவற்றைத் தாண்டக் கூடாது. அரச அதிகாரத்தின் எல்லை எதுவென்று பீடத்தில் நின்று எவரும் அளக்கக் கூடாது. இளவரசர் சார்லஸுக்கு ஸ்பெயின் அரசகுமாரியை மணமுடிக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. கத்தோலிக்க நாட்டுச் சம்பந்தம் வேண்டாம் என்று பிரசங்கிகள் முழங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வாயை அடைக்கவே இந்த ஆணை என்று பலரும் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆணை நியாயமானது என்று அந்தக் கூட்டத்துக்கு டன் விளங்கவைக்க வேண்டும்.

அதற்கு அவர் எடுத்த வசனம் நியாயாதிபதிகள் 5:20. தெபொராள் பாடிய வெற்றிப் பாட்டில் வருவது. தொள்ளாயிரம் இரும்பு ரதங்களோடு வந்த சிசெராவின் படை அழிந்தபின் பாடப்பட்ட அந்தப் பாட்டு, எபிரெய வேதாகமத்தின் மிகப் பழைய கவிதைகளுள் ஒன்று என்பது அறிஞர் பலரின் கருத்து. வானத்து நட்சத்திரங்களும் தத்தம் பாதையில் இருந்தபடியே சிசெராவோடு போரிட்டன என்கிறது வசனம். டன்னின் பிடி முழுவதும் அந்தப் பாதையின்மேல்தான். லத்தீன் வேதாகமத்தில் அந்த இடத்தில் நட்சத்திரங்கள் ஒழுங்கில் நிலைத்து நிற்கின்றன. பிரசங்கிகள்தான் நட்சத்திரங்கள். அவர்கள் போரிட வேண்டியவர்களே. ஆனால் தங்களுக்கு விதித்த ஒழுங்கிலிருந்து விலகாமல் போரிட வேண்டும். இப்படி ஒரு போர்ப்பாட்டின் ஒற்றை வரியைக் கொண்டு, அரசாணைக்குக் கட்டுப்படுவதும் ஒரு போர்முறைதான் என்று அவர் காட்டினார்.

அரசர் அதை அச்சிடச் செய்தார். டன்னின் பிரசங்கங்களில் முதலில் அச்சேறியது இதுதான். அதன் முகப்பில் ஒரு பிழை நேர்ந்தது. 5ஆம் அதிகாரம் 20ஆம் வசனம் என்று இருக்க வேண்டிய இடத்தில் 20ஆம் அதிகாரம் 15ஆம் வசனம் என்று அச்சாகிவிட்டது. பிறகு திருத்தினார்கள். முதலில் வந்த பிரதியை வாங்கிய ஒருவர் வீட்டுக்குப் போய் வேதாகமத்தைப் புரட்டிப் பார்த்திருந்தால், நட்சத்திரங்களுக்குப் பதிலாகப் பென்யமீன் கோத்திரத்தில் வாளேந்திய இருபத்தாறாயிரம் பேரின் கணக்கு கண்ணில் பட்டிருக்கும். இஸ்ரவேலர் தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொண்டு மடிந்த உள்நாட்டுப் போரின் அதிகாரம் அது.

இப்படிப் புரட்டிப் பார்க்க முடிந்ததே அந்தக் காலத்தின் புதுமை. வேதாகமத்தைப் பிரித்த அதிகாரங்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து இருந்துவருகின்றன. புதிய ஏற்பாட்டின் வசனங்களுக்கு இன்று நாம் பார்க்கும் எண்களை இட்டவர் ரொபேர் எத்தியேன் என்ற பிரெஞ்சு அச்சாளர், 1551இல். ஆங்கிலத்தில் முழு வேதாகமமும் வசன எண்களோடு வந்தது 1560இன் ஜெனீவா பதிப்பில். கத்தோலிக்கரான மேரி அரசியின் காலத்தில் இங்கிலாந்தைவிட்டு ஓடிய புராட்டஸ்டண்டுகள் ஜெனீவாவில் இருந்துகொண்டு உருவாக்கியது அது. வட்டமான ரோமன் எழுத்து, கைக்கு அடக்கமான அளவு, பக்க ஓரமெங்கும் விளக்கக் குறிப்புகள் என்று வீட்டில் வைத்துப் படிப்பதற்கென்றே செய்த புத்தகம்.

எண்கள் வருவதற்கு முன்னும் பிரசங்கிகள் மேற்கோள் காட்டினார்கள். 1548இல் ஏர்ப் பிரசங்கம் செய்த ஹியூ லாட்டிமர் முதலில் லத்தீனில் வசனத்தைச் சொல்லி, பிறகு தன் நடையில் ஆங்கிலத்தில் அதை விரிப்பார். கேட்பவர் அவரை நம்ப வேண்டியதுதான். அதற்கு ஐந்தாண்டு முன்பு, 1543இல், நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. கைவினைஞர், தொழில் பழகும் பையன்கள், வேலைக்காரர், உழவர், கூலியாட்கள் ஆகியோரும் பெண்களில் பெரும்பாலோரும் ஆங்கில வேதாகமத்தைப் படிப்பதே குற்றம் என்றது அந்தச் சட்டம். ஒரு தலைமுறை கழிந்தது. அதே உழவனின் மகன் ஜெனீவா வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு, பிரசங்கி அதிகாரத்தையும் வசனத்தையும் சொன்னவுடன் பக்கத்தைத் திருப்பி முனையை மடித்துவைத்தான். பீடத்தில் நிற்பவர் சரியாகச் சொல்கிறாரா என்று அவன் பார்க்கலாம். பவுல் சொன்னதையே வேதத்தோடு ஒத்துப் பார்த்த பெரோயா ஊராரை அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரம் பாராட்டுகிறது. பியூரிட்டன் பிரசங்கிகள் தங்கள் சபையார் முன் மீண்டும் மீண்டும் நிறுத்திய முன்மாதிரி அந்த ஊரார்தான். தன்னைச் சோதிக்கும்படி சபைக்குத் தானே சொல்லிக்கொடுத்த பிரசங்கியை நான் மிகவும் மதிக்கிறேன். அதிகாரத்தில் இருக்கும் எவரும் எளிதில் செய்யாத காரியம் அது.

கேம்பிரிட்ஜின் வில்லியம் பெர்கின்ஸ் இதை ஒரு முறையாகவே வகுத்தார். 1592இல் லத்தீனில் எழுதிய அவருடைய பிரசங்கக் கலை நூல் அவர் இறந்த பிறகு ஆங்கிலத்தில் வந்தது. வசனத்தை வாசி. அதன் பொருளை வேதத்தின் மற்ற இடங்களைக் கொண்டே விளக்கு. அதிலிருந்து போதனையை எடு. கேட்பவரின் வாழ்க்கைக்கு அதைப் பொருத்து. கிரேக்க, லத்தீன் புலமையெல்லாம் தயாரிப்பு அறையில் பயன்படட்டும், பீடத்தில் தலைகாட்ட வேண்டாம். வேதத்துக்கு வேதமே உரை என்ற இந்தக் கொள்கையால், ஒரு மணி நேரப் பிரசங்கம் வேதாகமத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடும் ஒரு பயணமாகியது. ஒரு வசனத்துக்கு ஆதாரமாக இன்னொன்று, அதற்கு வேறொன்று. அச்சான பிரசங்கங்களின் பக்க ஓரங்களில் அதிகார, வசன எண்கள் வரிசையாக இறங்குவதைப் பார்த்தால் அந்த ஓட்டம் கண்ணுக்கே தெரியும்.

கேட்டவர்களும் சும்மா இருக்கவில்லை. டிமதி பிரைட் 1588இல் ஒரு சுருக்கெழுத்து முறையை வெளியிட்டார். ஜான் வில்லிஸின் முறை 1602இல் வந்தது. பிரசங்கங்களைக் கேட்டபடியே எழுதி, பிரசங்கியிடம் கேட்காமலேயே அச்சுக்குக் கொடுத்தவர்கள் உண்டு. லண்டனில் கூட்டம் கூட்டமாக மக்கள் போய்க் கேட்ட ஹென்றி ஸ்மித்தின் பிரசங்கங்கள் அப்படித்தான் அச்சேறின. சுருக்கெழுத்து தெரியாதவர்களிடமும் குறிப்பேடு இருந்தது. ஈஸ்ட்சீப் பகுதியில் மரக் கடைசல் தொழில் செய்த நெஹமையா வாலிங்டன் ஐம்பது நோட்டுப் புத்தகங்கள் எழுதினார். ஏழு மட்டுமே நம் காலம்வரை வந்திருக்கின்றன. கேட்ட பிரசங்கம், கிடைத்த கடிதம், பட்ட துயரம் எல்லாம் அவற்றில் உண்டு. எல்லாமே வேத வசனங்களின் மொழியில் உண்டு. 1543இன் சட்டம் தடுத்தது இத்தகைய மனிதர்களைத்தான்.

அச்சுப் பக்கத்தில் வேத வசனம் சாய்வெழுத்தில் இருக்கும். எது வேதம், எது பிரசங்கியின் பேச்சு என்பது பார்த்தவுடன் தெரியும். காதுக்கு அந்த வசதி கிடையாது. வசனத்தில் ஆரம்பித்த வாக்கியம் பிரசங்கியின் சொல்லில் முடியும், நடுவில் வேறொரு வசனத்தின் பாதி வந்து கலந்திருக்கும். வேதாகமத்தை அறிந்த காது மட்டுமே இவற்றைப் பிரித்துக் கேட்கும். பிரசங்கிகள் தங்கள் சபையாரிடம் அத்தகைய காதை எதிர்பார்த்தார்கள் என்பதுதான் அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது என்னை அசைக்கிறது. சொல்லாமல் விட்ட பாதி வசனத்தைக் கேட்பவர் மனதுக்குள் முடித்துக்கொள்வார் என்று நம்பி எழுதிய உரைநடை அது.

இந்த உரைநடையின் உச்சியைக் காண லான்சலாட் ஆண்ட்ரூஸிடம் போக வேண்டும். எலியட்டைப் படித்த தமிழ் வாசகர்களுக்கு அவர் பெயர் புதிதல்ல. 1927இல் வந்த எலியட்டின் ‘ஜர்னி ஆஃப் த மேஜாய்’ கவிதையின் தொடக்கம், 1622 கிறிஸ்துமஸ் அன்று ஆண்ட்ரூஸ் அரசர் முன்னிலையில் செய்த பிரசங்கத்திலிருந்து எடுத்து மாற்றியது. டன் பால்ஸ் கிராஸில் நட்சத்திரங்களைப் பற்றிப் பேசி மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆண்ட்ரூஸின் வசனத்திலும் ஒரு நட்சத்திரம் உண்டு. மத்தேயு 2ஆம் அதிகாரத்தில் சாஸ்திரிகள் கண்டு பின்தொடர்ந்த நட்சத்திரம்.

அவர் அந்த வசனத்தைவிட்டு அசைவதில்லை. கண்டோம் என்கிறார்கள், வந்தோம் என்கிறார்கள். இந்த இரண்டு வினைகளுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று கேட்கிறார். காண்பது எளிது, அதற்கு நின்ற இடத்திலேயே நின்றால் போதும். வருவதற்கு ஊரையும் வசதியையும் விட்டுக் கிளம்ப வேண்டும். அங்கேதான் அந்தப் பயணத்தின் குளிரும் சேறும் பகலின் குறுக்கமும் பிரசங்கத்துக்குள் வருகின்றன. சுவிசேஷத்தில் இவற்றில் எதுவும் இல்லை. ஒரு வினைச்சொல்லின் எடையை உணர்த்த ஆண்ட்ரூஸ் தாமே வரவழைத்த குளிர்காலம் அது. முன்னூறு ஆண்டு கழித்து ஒரு பெரும் கவிஞன் அந்த இடத்தில் கைவைத்தான் என்றால், அது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. வசனத்தை ஆதாரமாகக் காட்டிவிட்டு நகர்ந்துபோகிறவர்களின் நடுவே, ஆண்ட்ரூஸ் வசனத்துக்குள் குடியிருந்தவர்.

1611இல் வந்த ஜேம்ஸ் அரசர் வேதாகமத்தில் ஆதியாகமம் முதல் இரண்டாம் இராஜாக்கள் வரையான பகுதியை மொழிபெயர்த்த குழுவுக்குத் தலைவர் இதே ஆண்ட்ரூஸ்தான். ஆனாலும் 1611க்குப் பிறகும் அவர் பிரசங்கங்களில் ஜெனீவா வேதாகமத்தின் சொற்கள் தொடர்ந்து வருகின்றன. ஜேம்ஸ் அரசருக்கு ஜெனீவா பதிப்பின் ஓரக்குறிப்புகள் பிடிக்காது. அரசன் ஆணையை மீறிய எபிரெய மருத்துவச்சிகள் செய்தது சரி என்று சொன்ன குறிப்பு அதில் இருந்தது. புதிய மொழிபெயர்ப்புக்கு அந்த வெறுப்பும் ஒரு காரணம். அப்படி வந்த புதிய வேதாகமத்தின் முன்னுரையில் மைல்ஸ் ஸ்மித் வேத வசனங்களை எடுத்தாளும்போது பெரும்பாலும் ஜெனீவாவின் சொற்களிலேயே எடுத்தாள்கிறார். சிறுவயதில் காதில் விழுந்து உள்ளே தங்கிய சொல்லை அரசாணை வெளியேற்றுவதில்லை.

இனி மறுபடியும் தெபொராளின் பாட்டு.

1642 பிப்ரவரி 23, புதன்கிழமை. நாடாளுமன்றம் மாதந்தோறும் உபவாச நாள் கடைப்பிடிக்கத் தொடங்கியிருந்தது. அந்த வரிசையில் அன்றுதான் முதல் நாள். அதற்கு ஏழு வாரம் முன்பு அரசர் சார்லஸ் நாடாளுமன்றத்துக்குள் ஆட்களோடு நுழைந்து ஐந்து உறுப்பினர்களைக் கைதுசெய்ய முயன்று தோற்றிருந்தார். சில நாளில் லண்டனையே விட்டுப் போய்விட்டார். அப்போதுதான் எசெக்ஸின் ஃபின்சிங்ஃபீல்ட் ஊர்ப் போதகர் ஸ்டீபன் மார்ஷல் மக்களவை முன் பிரசங்கித்தார். வசனம் நியாயாதிபதிகள் 5:23. டன் எடுத்த வசனத்துக்கு மூன்று வசனம் கீழே. போருக்கு உதவ வராத மேரோஸ் ஊரைச் சபிக்கச் சொல்கிறது அது. வேதாகமத்தில் அந்த ஊரின் பெயர் வேறெங்கும் இல்லை. சாபத்துக்காக மட்டுமே அது பெயர் பெற்றிருக்கிறது.

மார்ஷல் சொன்னது இதுதான்: கர்த்தரின் காரியத்தில் நடுநிலை என்று ஒன்று இல்லை. உதவ வராதவன் எதிரியோடு சேர்ந்தவன். பெர்கின்ஸ் வகுத்த வழியிலேயே அவர் வேதத்தின் மற்ற இடங்களிலிருந்து துணை வசனங்களைத் திரட்டுகிறார். இரத்தம் சிந்தாமல் வாளை அடக்குகிறவனைச் சபிக்கும் எரேமியாவின் வசனம் வருகிறது. பாபிலோனின் குழந்தைகளைக் கல்லில் மோதுகிறவனை வாழ்த்தும் 137ஆம் சங்கீதத்தின் முடிவும் வருகிறது. இந்தப் பிரசங்கத்தை அவர் நாடெங்கும் அறுபது முறை செய்ததாக அக்காலத்தில் பேசப்பட்டது. அந்த ஆகஸ்டில் நாட்டிங்காமில் அரசரின் கொடி ஏறியது. உள்நாட்டுப் போர் தொடங்கியது.

இரண்டு பிரசங்கங்களையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒரு சங்கடம் எழுகிறது. வசனத்தின் நேர்ப்பொருளுக்கு அருகில் நிற்பவர் மார்ஷல்தான். தெபொராளின் பாட்டு போர்ப்பாட்டு. வந்த கோத்திரங்களைப் புகழ்ந்து, தொழுவங்களிலும் கப்பல்களிலும் துறைகளிலும் தங்கிவிட்ட கோத்திரங்களைப் பேர் சொல்லிக் கடியும் பாட்டு. மேரோஸைப் பற்றிய வசனத்துக்கு மார்ஷல் கொடுத்த பொருள் அதன் பொருள்தான். நட்சத்திரங்களைப் பிரசங்கிகளாக்கி, போரை அடக்கமாக்கி, வளைத்தவர் டன். அதிலும் அரசரின் ஏவலுக்காக வளைத்தவர்.

ஆனால் டன்னின் வளைவு கண்ணுக்குத் தெரிகிறது. பிரசங்கிதான் நட்சத்திரம் என்று அவர் சொல்லும்போது, அது அவருடைய ஒப்புமை என்பது கேட்பவருக்கு விளங்கும். ஏற்கலாம், மறுக்கலாம். மார்ஷல் தாண்டிய இடம் தெரிவதில்லை. மேரோஸ் சபிக்கப்பட்டது என்பது வேதத்தில் இருக்கிறது. இன்று மேரோஸ் யார் என்பது எந்த வசனத்திலும் இல்லை. அந்த ஒரு அடியை எடுத்துவைத்தவர் மார்ஷல். மற்றதெல்லாம் ஓரக்குறிப்போடு, அதிகார எண்ணோடு, ஒத்துப் பார்க்கும்படி இருந்ததால் இந்த அடியும் வேதத்திலிருந்தே வந்தது போல் கேட்டது. பெரோயா ஊராரைப் போல் புரட்டிப் பார்த்த சபையார் எல்லா வசனங்களும் சரியாக இருப்பதைக் கண்டிருப்பார்கள். சரிபார்க்க முடியாத ஒன்றே ஒன்றுதான் அங்கே இருந்தது. போரைத் தீர்மானித்தது அது.

எண்ணிட்ட வசனம் இன்னொன்றும் செய்கிறது. எங்கே நிறுத்துவது என்பதைப் பிரசங்கியின் கையில் கொடுக்கிறது. மார்ஷலின் வசனத்துக்கு ஐந்து வசனம் தள்ளி, அதே பாட்டில், சிசெராவின் தாய் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறாள். மகனின் ரதம் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கிறாள். மகன் இறந்துவிட்டதைக் கேட்பவர் அறிவர், அவள் அறியாள். பாட்டு அவளை எள்ளுகிறதா, இரங்குகிறதா என்பதில் உரைகாரர்கள் ஒத்துப்போவதில்லை. எப்படியானாலும் எதிரிக்கும் ஒரு தாய் உண்டு என்று அந்தப் போர்ப்பாட்டு சொல்கிறது. 23ஆம் வசனத்தோடு நிறுத்திக்கொண்டவனுக்கு அவள் இல்லை. வசனங்களாக வெட்டி அச்சிடுவதால் மக்கள் அவற்றைத் தனித்தனி வாக்குகளாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று பின்னாளில் பவுலின் நிருபங்களுக்கு உரை எழுதிய ஜான் லாக் குறைப்பட்டார். தம் வாழ்நாளில் அந்தப் போரைப் பார்த்தவர் அவர். அந்தக் குறையை வெறும் அச்சு நுணுக்கமாக என்னால் படிக்க முடியவில்லை.

1648இல் வின்ட்சரில் கூடி ஜெபித்த படை அதிகாரிகள் சார்லஸை இரத்தப்பழிக்கு உரியவர் என்று தீர்மானித்தார்கள். சிந்திய இரத்தத்தால் தீட்டுப்பட்ட தேசம், சிந்தினவனின் இரத்தத்தால் அன்றிச் சுத்தமாகாது என்னும் எண்ணாகமம் 35ஆம் அதிகாரத்தின் வசனம் அவர்கள் கையில் இருந்தது.

1649 ஜனவரி 30, சார்லஸுக்கு மரணதண்டனை நிறைவேறிய நாள். அன்று காலை, அரசரோடு கடைசியாக ஜெபிக்க வந்த பேராயர் ஜக்ஸன் மத்தேயு 27ஆம் அதிகாரத்தை வாசித்தார். கிறிஸ்துவுக்கு மரணதண்டனை விதித்துச் சிலுவையில் அறைந்த அதிகாரம். இந்த நேரத்துக்கென்று நீங்கள் தேர்ந்தெடுத்ததா என்று சார்லஸ் கேட்டார். இல்லை, நாட்காட்டிப்படி இன்றைக்குக் குறித்த பாடம் என்றார் ஜக்ஸன். அரசருடன் இருந்த தாமஸ் ஹெர்பர்ட் இதைப் பதிந்துவைத்திருக்கிறார். அந்த நாட்காட்டி இருந்த ஜெபப் புத்தகத்தை நாடாளுமன்றம் நான்காண்டு முன்பே ஒழித்திருந்தது. ஒரு நூற்றாண்டாக இங்கிலாந்தின் பீடங்களை நோக்கி யாரும் போதிய அழுத்தத்தோடு கேட்காத கேள்வியைச் சார்லஸ் கேட்டார். கிடைத்த பதில் அவருக்கு ஆறுதலாக இருந்தது, யாரும் தேர்ந்தெடுக்காத வசனம் என்பதால்.

முடியாட்சி திரும்பியதும், 1662இன் ஜெபப் புத்தகம் ஜனவரி 30க்கென்று தனி ஆராதனை வகுத்தது. 1859 வரை அது நீடித்தது. ஆண்டுதோறும் அந்த நாளில் அரசரின் மரணத்தைக் கிறிஸ்துவின் மரணத்தோடு சேர்த்துப் பேசும் பிரசங்கங்கள் பீடங்களில் ஒலித்தன. அன்றைய காலைப் பாடம் மத்தேயு 27. இப்போது அது அந்த நாளுக்கென்றே தேர்ந்தெடுத்துப் போட்டது.